நம்மாளா?

கயல் நகரில் ஒன்றரை வருடமாக ஒரு செருப்புகூடத் திருட்டுப் போகவில்லை. மதுரைக்கு வடக்கே, புறவழிச் சாலையைத் தாண்டி, இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். முன்பெல்லாம் மாதம் ஒரு பூட்டு உடையும், வாரம் ஒரு சைக்கிள் காணாமல் போகும். ஒரு மார்கழிக் காலையில் கோலம் போட உட்கார்ந்த பெண்ணின் கழுத்திலிருந்து சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம்தான் குடியிருப்போர் சங்கமும் காவல் நிலையமும் கூடிப் பேசி, கைகோப்புத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டன. இப்போது வாசலில் விட்ட செருப்பு விட்ட இடத்திலேயே வெயிலில் காய்ந்து கிடக்கிறது. மாநில அளவில் சிறந்த கைகோப்பு என்று கேடயம்கூடக் கொடுத்துவிட்டார்கள். அது சங்க அலுவலகத்தில் குடிநீர்க் கேனுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

திட்டம் எளிமையானது. வாயிலிலும் தெருமுனைகளிலும் கேமராக்கள். பழக்கமில்லாத முகம் ஒன்று உள்ளே நுழைந்தால், அந்தப் படம் குடியிருப்பவர்களின் கைபேசிக்கு வரும். கீழே ஒரு கேள்வி, இரண்டு பொத்தான்: ஆம், இல்லை. மூன்று நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் 'ஆம்' அமுக்கினால் போதும், வந்தவர் தன் பாட்டுக்குப் போகலாம். ஒருவரும் அமுக்கவில்லை என்றால் காவலாளி வருவார், அவர் பின்னாலேயே ரோந்து வண்டி வரும். அமுக்கிய பதில்களையெல்லாம் இயந்திரம் சேர்த்து வைத்துக் கற்றுக்கொள்ளும் என்றார்கள். என்ன கற்றுக்கொள்ளும் என்று யாரும் கேட்கவில்லை. திருடனைப் பிடிக்க வந்த இயந்திரத்திடம் பாடத்திட்டம் என்ன என்று யார் கேட்பார்கள்?

அந்தக் கேள்வியை எழுதியவள் தவமணி. டி வரிசையில் பதினான்காம் எண் வீடு, தனியார் மேல்நிலைப்பள்ளியில் தமிழாசிரியை, சங்கத்தின் இணைச் செயலாளர். கம்பெனிக்காரர்கள் அனுப்பியிருந்த தமிழ், 'இந்நபர் தங்களால் அடையாளம் காணப்படத்தக்கவரா?' என்று இருந்தது. கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டியபோது எல்லாரும் சிரித்தார்கள். "நம்ம டீச்சர் எதுக்கு இருக்காங்க?" என்றார் சங்கத் தலைவர் சுந்தரவடிவேலு. அன்றைக்கே எல்லா வாசகங்களையும் திருத்தும் வேலை அவள் தலையில் விழுந்தது.

அவள் முதலில் எழுதியது, 'இவர் நம்மவரா?'

இன்ஸ்பெக்டர் அருள்செல்வம் அதைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நம்மவர்னா மேடையில பேசற மாதிரி இருக்கு டீச்சர். பாலை அடுப்புல வச்சுட்டு நிக்கறவங்களும் ஒரு பார்வையில படிச்சு அமுக்கணும். சாதாரணமா எப்படிக் கேப்போம்? நம்மாளா? அவ்வளவுதானே?"

எல்லாரும் அதுதான் சரி என்றார்கள். தவமணியும் சரி என்றாள், கொஞ்சம் தாமதமாக.

அந்த வார்த்தையை அவளுக்குத் தெரியாதா என்ன? பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி, பள்ளியில் சேர்ந்த புதிதில் கணக்கு டீச்சர், மளிகைக் கடைக்காரர், எல்லாரும் ஊர் பேர் விசாரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டதுதான்: "நீங்க நம்மாளுகளா?" ஜாதி என்ற சொல்லை வாயால் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் தமிழ்நாட்டில் கண்டுபிடித்து வைத்திருக்கும் கேள்வி அது. அவளிடம் அதற்கு ஒரு சிரிப்பு உண்டு. ஆம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். கயல் நகரில் பாதிப் பேர் அவள் கணவர் பூமிநாதனின் ஆட்கள். அதனால் அவளையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டார்கள். காதல் கல்யாணம் என்பதை யாரும் தோண்டவில்லை. குடிவரும்போது, கேட்டால் சொல்லிவிடுவோம் என்றுதான் கணவனும் மனைவியும் பேசிக்கொண்டார்கள். ஒரு வருடத்தில் அது கேட்டாலும் சொல்ல வேண்டாம் என்று ஆயிற்று. அவள் பிறந்த ஊரில் அவள் தெருவுக்கென்று தனிப்பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொன்னால் போதும், மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியிருந்தும் அவள் அந்த வார்த்தைக்குத் தலையாட்டினாள் என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்தது. தமிழாசிரியைகளுக்கு மட்டும் தோன்றக்கூடிய காரணம். இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் தினம் நாலு தடவை அந்த வார்த்தையை வேறு அர்த்தத்தில் புழங்கினால், பழைய அழுக்கெல்லாம் போய், நம்மாள் என்றால் நம் தெருக்காரர், நம்மோடு இருப்பவர் என்று ஆகிவிடாதா? சொல்லைத் துவைத்துக் காயப்போட்டுவிடலாம் என்று அவள் மனசார நம்பினாள். யாரிடமும் சொல்லாமல் தனக்குள்ளேயே பெருமைப்பட்டும் கொண்டாள்.

முதல் சில மாதங்கள் அப்படித்தான் தோன்றியது. பிறகு அமலதாஸ் வந்தார்.

பி வரிசையில் ஒரு மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்த கணித விரிவுரையாளர். வாடகைக்கு இருப்பவர்களின் முகத்தை இயந்திரம் மாதம் ஒருமுறை மறுபடி கேட்கும், அது விதி. முதல் மாதம் நிறையப் பேர் 'ஆம்' அமுக்கினார்கள். இரண்டாம் மாதம் அவருடைய அப்பா ஊரிலிருந்து வந்து, காவலாளியிடம் வெள்ளந்தியாக ஊர், தெரு எல்லாம் பேசிவிட்டுப் போனார். மூன்றாம் மாதம் ஒரு 'ஆம்' கூட வரவில்லை. கையில் பால் பாக்கெட்டோடு தன் வீட்டுக்குப் போன மனிதரைக் காவலாளி வழிமறித்தார். அடுத்தடுத்துப் பதினோரு தடவை. அமலதாஸ் சங்கக் கூட்டத்துக்கு வந்து நின்றார்.

"இங்கதான் சார் குடியிருக்கேன். நான் நம்மாளு இல்லைன்னா யாரு சார் நம்மாளு?"

"அது மெஷினு சார். அதுக்கு என்ன தெரியும்? நாங்க யாரும் உங்களை ஒரு வார்த்தை சொன்னோமா?" என்று சுந்தரவடிவேலு கேட்டார். உண்மையிலேயே யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த தவமணி நிமிரவே இல்லை. அந்த மாதம் அவளுக்கும் அமலதாஸின் படம் வந்திருந்தது. யார் 'ஆம்' அமுக்கினார்களோ அவர்களின் வீட்டு எண் சங்க அலுவலகத் திரையில் தெரியும். தன் ஒரு எண் மட்டும் அங்கே தனியாக நிற்கப் போகிறது என்று தோன்றியதும் அவள் கைபேசியைக் கீழே வைத்துவிட்டாள். அமலதாஸ் வீட்டைக் காலி செய்தபோது, 'சொந்தக் காரணங்களால்' என்று குறிப்பேட்டில் எழுதியதும் அவள்தான். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினாள்.

அதன் பிறகு கேள்விகள் குறைந்துகொண்டே வந்தன. தினம் நாலு என்பது வாரம் ஒன்று, பத்து நாளைக்கு ஒன்று என்று ஆயிற்று. ஊர் அமைதியாகிவிட்டது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

*

ஆகஸ்ட் மாதத்து வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றே கால் மணி. தவமணி ஆசிரியர் அறையில் பதினோராம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். வகுப்பில் இருந்தபோது சத்தம் நிறுத்தி வைத்த கைபேசியை எடுத்துப் பார்த்தாள். 'இன்வெர்ட்டர்' இரண்டு தடவை அழைத்திருந்தது.

இன்வெர்ட்டர் என்பது அவள் தம்பி வீரணன். கூடப்பிறந்தவன், ஐந்து வயது இளையவன். மதுரையில் வீடு வீடாகப் போய் இன்வெர்ட்டர் பழுதுபார்ப்பது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் அவன் தொழில். தம்பி என்று பெயர் போட்டு வைத்தால் யார் கண்ணிலாவது பட்டு, எந்தத் தம்பி, எந்த ஊரில் இருக்கிறார் என்று பேச்சு வளரும். அதனால் அப்படிப் பதிந்து வைத்திருந்தாள். அவனை வீட்டுக்கு வராதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. கயல் நகருக்குக் குடிவந்த இந்த ஒன்பது வருடத்தில் அக்காவும் தம்பியும் பார்த்துக்கொண்டதெல்லாம் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்து டீக்கடையில்தான். போன வாரம் மகள் நிறைமதிக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததைக்கூட, மொட்டை மாடிக்குப் போய் மெதுவான குரலில்தான் அவனுக்குச் சொன்னாள். அந்தப் பக்கம் அவன் போட்ட கூச்சலில் அவளுக்குக் காது வலித்தது.

திரும்ப அழைக்கலாமா என்று யோசிக்கும்போதே கைபேசி அதிர்ந்தது. திரையில் படம் வந்தது.

வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலை சீவி, கையில் ஒரு பையோடு சி வரிசையின் நடுவில் வீரணன் நிற்கிறான். ஒரு வீட்டின் கதவு எண்ணை அண்ணாந்து பார்க்கிறான். அக்கா வீட்டு எண் அவனுக்குத் தெரியாது. அவள் சொன்னதே இல்லை. கீழே, அவளே தேர்ந்த கொட்டை எழுத்தில்: நம்மாளா?

'ஆம்' மேல் விரலைக் கொண்டுபோனாள். இந்நேரம் இதே படம் இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் வந்திருக்கும். அமுக்கிய அடுத்த நொடி அலுவலகத் திரையில் டி-14 என்று விழும். யாரு டீச்சர் அவரு, உங்களுக்கு என்ன வேணும், எந்த ஊரு? நாளைக்குக் காலையில் இதை மூன்று பேராவது கேட்பார்கள். நாளன்றைக்கு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அது இன்னும் மோசம். நிறைமதி கல்லூரிக்குப் போய் வரும்போது காவலாளி பையைத் திறந்து காட்டச் சொல்வார்.

வேறு யாராவது அமுக்கிவிடுவார்கள் என்று அவள் நினைத்தாள். இத்தனை வீட்டில் ஒரே ஒரு நல்ல மனசுக்காரர் இல்லாமலா போய்விடுவார்? ஏதாவது ஒரு வீட்டில், யாரையோ பார்க்க வந்தவர்தானே, போகட்டும் என்று அமுக்க மாட்டார்களா? ஒரு நிமிடம் போயிற்று. அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். மறுபடி நிமிர்த்திப் பார்த்தாள். இரண்டு நிமிடம். மூன்று.

திரை மாறியது. 'உங்கள் மௌனமும் எங்களுக்கு ஒரு பதிலே. நன்றி.' அந்த வாசகமும் அவள் எழுதியதுதான். எழுதிய அன்று எல்லாரும் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு அவள் இன்னும் இரண்டு நோட்டுகளைத் திருத்தினாள். அதைத்தான் பிற்பாடு அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. ஒரு நோட்டில் ஒற்றுப் பிழையைக்கூடச் சுழித்திருந்தாள்.

நாலு மணிக்குச் சுந்தரவடிவேலு அழைத்தார். "டீச்சர், ஒருத்தன் மாட்டிக்கிட்டான். வீடு வீடா நோட்டம் பாத்துக்கிட்டு திரிஞ்சிருக்கான். ஸ்டேஷன்ல வச்சிருக்காங்க. சங்கத்துலருந்து புகார்ல ரெண்டு கையெழுத்து வேணுமாம். நான் இங்கதான் இருக்கேன், நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்க."

*

காவல் நிலையத்தில் வீரணன் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டையில் மேல் பொத்தான் இரண்டும் பிய்ந்திருந்தன. தவமணி உள்ளே நுழைந்ததும் அவன் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அவளுக்குப் பின்னாலிருந்த நாற்காலியில் சுந்தரவடிவேலு, "வாங்க டீச்சர்" என்றதும் அந்த முகம் அப்படியே அணைந்தது. அவன் பார்வையைத் திருப்பிச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்க்க ஆரம்பித்தான்.

இன்ஸ்பெக்டர் மேஜையில் ஒரு ஸ்டெதாஸ்கோப் கிடந்தது. புத்தம் புதியது, அட்டைப் பெட்டியோடு.

"பாத்தீங்களா டீச்சர்?" என்றார் சுந்தரவடிவேலு. "பேட்டரிக்காரன்கிறான், பையில இது இருக்கு. எந்த டாக்டர் வீட்டுல அடிச்சானோ."

"எந்த டாக்டரும் புகார் குடுக்கலை சார்," என்றார் அருள்செல்வம். நாற்பது வயதுக்குள் இருக்கும், நிதானமான மனிதர். அவர் மகன் தவமணியிடம்தான் தமிழ் படிக்கிறான். "காசு குடுத்து வாங்கினேங்கிறான். பில் எங்கடான்னா கிழிச்சுப் போட்டுட்டானாம். ஒருத்தருக்குக் குடுக்கற பொருள்ல விலைச்சீட்டு இருந்தா மரியாதை இல்லையாம். யாருக்குக் குடுக்கப் போறேன்னு கேட்டா பதில் இல்லை. மொதல்ல அக்கா வீட்டுக்கு வந்தேன்னான். அக்கா வீட்டு நம்பரே உனக்குத் தெரியாதா, பேராவது சொல்லுன்னேன். தெருவுல நிக்கும்போதே யாருக்கோ ரெண்டு தடவை போன் அடிச்சானாம். எடுக்கலை போல. அப்புறம் அந்த நம்பரை என் கண்ணு முன்னாலயே அழிச்சுட்டு வாயை மூடிக்கிட்டான்."

மாமன் சீர். மருமகளுக்குக் கொடுக்க வந்திருக்கிறான். பிற்பகலில் யாரும் இருக்க மாட்டார்கள், வாசலோடு கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்திருப்பான். அவன் புத்தி அவளுக்குத் தெரியும்.

"கையெழுத்துப் போட்டா இவனுக்கு என்ன ஆகும் சார்?"

"வழக்கெல்லாம் பெரிசா நிக்காது டீச்சர். கைகோப்புப் பட்டியல்ல பேர் ஏறும். திட்டத்துல சேந்த நாப்பது குடியிருப்புக்குள்ளயும் ஆறு மாசத்துக்குக் கால் வைக்க முடியாது. முகம் பட்டாலே வண்டி வந்துரும்."

நாற்பது குடியிருப்பு. அவனுடைய வாடிக்கை வீடுகள் மொத்தமும் அதற்குள்தான் இருக்கின்றன. இரண்டு பிள்ளைகள், அவன் மனைவி வேலைக்குப் போகவில்லை.

சுந்தரவடிவேலுவுக்கு ஏதோ அழைப்பு வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார். தவமணி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சார், அத்தனை பேருமா இல்லைன்னாங்க? ஒருத்தர்கூடவா ஆம் அமுக்கலை?"

அருள்செல்வம் மேஜை மேலிருந்த திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் போகலை டீச்சர். உங்க ஒருத்தருக்குத்தான் போச்சு."

"என்னது?"

"ஆறேழு மாசமாவே அது எல்லாரையும் கேக்கறதில்லை. எதுக்குக் கேக்கணும்? ஒரு முகத்தைப் பாத்ததுமே எந்த வீடு என்ன சொல்லும்னு அதுக்கு மனப்பாடம். எங்க சந்தேகமோ அங்க மட்டும்தான் கேக்கும். இவன் விஷயத்துல இருநூத்திப் பதினோரு வீட்டுப் பதில் இல்லைன்னு அதுவே போட்டுக்கிச்சு. ஒரு வீடு மட்டும் ஆம்னு சொன்னாலும் சொல்லும்னு அதுக்குத் தோணியிருக்கு. அதான் உங்களைக் கேட்டுச்சு."

"அப்போ நான் அமுக்கியிருந்தா... அலுவலகத்துல டி-பதினாலுன்னு..."

"அந்தத் திரையை யாரு டீச்சர் இப்போ பாக்கறா? எல்லாருக்கும் போற கேள்விக்குத்தான் அதுல நம்பர் விழும். உங்களைத் தனியாக் கேட்டது உங்களுக்கும் அதுக்கும் மட்டும்தான் தெரியும்."

ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஒரு விரல் அசைந்திருந்தால் போதும், அவன் வந்து கொடுத்துவிட்டுப் போயிருப்பான். அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வெட்கமா, அழுகையா, தன் மேலேயே வந்த ஆத்திரமா, எது என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"எதை வச்சு சார் அது கத்துக்கிச்சு? ஜாதியையெல்லாம் அதுல போடலைன்னுதானே சொன்னாங்க?"

"போடலை. ஜாதின்னு ஒரு எழுத்துகூட அதுக்குள்ள கிடையாது. கம்பெனிக்காரங்க சூடம் ஏத்தி சத்தியம் பண்றாங்க. சட்டை, செருப்பு, நடை, நிக்கற நிலை, எந்தப் பக்கத்து பஸ்லருந்து இறங்கி வர்றான், இதெல்லாம்தான் இருக்கு. அதோட நீங்க எல்லாரும் ஒன்றரை வருஷமா அமுக்கினது இருக்கு." அவர் பெருமூச்சு விட்டார். "நம்மாளான்னு கேட்டோம் டீச்சர். ஜனங்க அவங்களுக்குத் தெரிஞ்ச அர்த்தத்துல பதில் சொல்லிட்டாங்க."

துவைக்கப் போட்ட சொல். அவள் மனசுக்குள் அந்தப் பழைய பெருமையை நினைத்துப் பார்த்தாள். ஒரு ஊரையே அந்தச் சொல்லுக்குள் முக்கி எடுத்திருக்கிறாள்.

"என்னை மட்டும் ஏன் சார் கேட்டுச்சு?"

"அது காரணம் சொல்லாது." அருள்செல்வம் பெஞ்சில் இருந்தவனின் காதையும் நெற்றியையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமல் மேஜைக் காகிதங்களை அடுக்கினார். "நானும் உங்களைக் கேக்கலை. நீங்களும் சொல்ல வேண்டாம். கையெழுத்தைப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க. ஆறு மாசம் ஓடிப்போகும்."

"இனிமே இப்படி யாராவது வந்தா?"

"இனிமே உங்களையும் கேக்காது டீச்சர். உங்க பதிலும் அதுக்குத் தெரிஞ்சு போச்சு."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். குத்திக்காட்ட வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அவருக்குக் கிடையாது. ஆனால் தவமணிக்கு அந்த நிமிடம் எல்லாமே விட்டுப்போயிற்று. இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டில் ஒரே ஒருத்தி மேல் அந்த இயந்திரம் நம்பிக்கை வைத்திருக்கிறது. மனுஷர்களே வைக்காத நம்பிக்கை. அதையும் மூன்று நிமிடத்தில் அவள் கெடுத்தாகிவிட்டது.

சுந்தரவடிவேலு கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே உள்ளே வந்தார். "என்ன டீச்சர், போட்டாச்சா? வாங்க, வண்டியிலயே இறக்கி விட்டுர்றேன்."

தவமணி பேனாவை மூடிவைத்தாள். எழுந்து நின்றாள்.

"இவன் என் தம்பி," என்றாள். வகுப்பில் கடைசிப் பெஞ்சுக்கும் கேட்கும் குரல். "எங்க அம்மா வயித்துல எனக்கு அடுத்துப் பொறந்தவன். பேரு வீரணன். என் மக டாக்டருக்குப் படிக்கப் போறான்னு மாமன் சீரு கொண்டாந்திருக்கான். வீட்டு நம்பர் தெரியாம நின்னதுக்கு நான்தான் காரணம். நான் சொல்லலை." பிறகு தன் ஊரின் பெயரைச் சொன்னாள். தெருவின் பெயரையும் சொன்னாள். ஒன்பது வருடத்தில் அந்தப் பெயரை வாய்விட்டு அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

சுந்தரவடிவேலு ஒரு அடி பின்னால் நகர்ந்தார். எங்கேயோ ஒரு வயர்லெஸ் கரகரத்தது. தவமணிக்கு நெஞ்சு லேசாகியிருந்தது. இனி கயல் நகரில் என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்ற துணிச்சல் வந்திருந்தது.

அருள்செல்வம் அவள் சொன்னதைத் திரையில் தட்டினார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"ஏத்துக்க மாட்டேங்குது டீச்சர்."

"ஏன்?"

"மூணு நிமிஷத்துக்குள்ள வந்த பதில்தான் மனசுல உள்ளது. அப்புறம் ஸ்டேஷனுக்கு வந்து மாத்திச் சொன்னா, அது பயத்துல சொல்றதா, பரிதாபத்துல சொல்றதான்னு அதுக்குச் சந்தேகம். மிரட்டி ஆம் சொல்ல வச்சுரக் கூடாதுன்னு நல்லதுக்குத்தான் அந்த விதியை வச்சாங்க. எனக்கு உங்க வார்த்தை போதும், அதுக்குப் போதாது. மாத்திச் சொன்னா, சம்பந்தப்பட்ட ஆளும் அதையே சொல்லணும். ரெண்டு பேரும் ஒண்ணு போலச் சொன்னா விட்டுரும். இல்லைன்னா கையெழுத்து இல்லாமலே பேரை ஏத்திரும்."

"அவ்வளவுதானே? கேளுங்க. அவன்கிட்டயே கேளுங்க."

அருள்செல்வம் திரையைத் தூக்கிக்கொண்டு பெஞ்சுக்குப் போனார். அதன் கேமரா வீரணன் முகத்துக்கு நேராக இருந்தது. "இங்க பாருப்பா. இவங்க உனக்கு என்ன வேணும்? நெசத்தைச் சொல்லு, உன்னை விட்டுர்றேன்."

வீரணன் தலையைத் தூக்கினான். முதலில் சுந்தரவடிவேலுவைப் பார்த்தான். அவர் முகத்தில் என்ன கண்டானோ. பிறகு அக்காவைப் பார்த்தான், ரொம்ப நேரம்.

"யாருன்னு தெரியலையே சார்," என்றான்.

"வீரணா!"

"நெசமாத் தெரியாது சார். நான் தெரு மாறி வந்துட்டேன். எங்க அக்கா வேற ஊரு."

"டேய், எதுக்குடா பயப்படுற? நான்தான் சொல்லிட்டேன்ல, எல்லாத்தையும் சொல்லிட்டேன்டா. இனிமே ஒண்ணும் இல்லடா," என்று அவள் அவன் கையைப் பிடிக்கப் போனாள். அவன் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் இரண்டாம் தடவையும் கேட்டார். விதிப்படி கேட்க வேண்டும். வீரணன் அதே பதிலைச் சொன்னான், இந்தத் தடவை இன்னும் தெளிவாக.

சுந்தரவடிவேலுவுக்கு மூச்சு வந்தது. அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் போல ஒன்றைத் தவமணி எந்த முகத்திலும் பார்த்ததில்லை. "பாத்தீங்களா டீச்சர்? அவனே இல்லைங்கிறான். உங்களுக்கு இளகின மனசு. ஒரு ஆளு மாட்டிக்கிட்டு முழிச்சா போதும், தம்பின்னுகூடச் சொல்லிருவீங்க. நீங்க சொன்னதை நான் யாருகிட்டயும் வாய் விட மாட்டேன். மறந்துட்டேன். வாங்க, போவோம்."

திரை பச்சையானது. அவளுடைய முதல் பதிலும் அவனுடைய பதிலும் பொருந்துகின்றன என்று அது சொன்னது. வீரணனின் பெயரும் படமும் நாற்பது குடியிருப்புகளுக்கும் போய்ச் சேர்ந்தன.

அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னானா, இல்லை அந்த இரண்டு அழைப்புக்கும் மூன்று நிமிடத்துக்கும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தானா? தவமணி அவன் முகத்தில் தேடிப் பார்த்தாள். சின்ன வயதில் அவன் பொய் சொன்னால் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். இப்போது ஒன்றும் தெரியவில்லை. ஒரு பேட்டரிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"வீரணா," என்றாள் மெதுவாக. "அக்காடா."

நாற்பத்தொரு வருடத்தில் அவன் அவளை நீ என்றுதான் சொல்லியிருக்கிறான். வாக்கா, போக்கா, உனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. அவன் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான்.

"நீங்க கெளம்புங்க மேடம்," என்றான்.